சூடு ஆறாத குழாய்

குழாய் சூடாக இருந்தது.

காருக்கு அடியில் சாக்கை விரித்து மல்லாந்து கிடந்த செபாஸ்டின், சைலன்சரைப் பிடித்திருக்கும் பட்டையின் நட்டைத் தேடித்தான் கையை நீட்டினான். நட்டுக்குப் பதில் புகைக்குழாய் அகப்பட்டது. கையைச் சுடுகிற சூடு இல்லை. ஓடி நின்று ஒரு மணி நேரம் ஆன வண்டியின் குழாயில் மிச்சமிருக்குமே, உள்ளங்கைக்கு இதமான வெதுவெதுப்பு, அதுதான். பதினெட்டு வருஷமாக வண்டிகளுக்கு அடியில் கிடப்பவனுக்கு அந்தச் சூட்டின் வயதைத் தொட்டுப் பார்த்தே சொல்லிவிட முடியும்.

ஆனால் இந்தக் கார் ஒன்பது நாளாக ஓடவில்லை. ஓடவும் முடியாது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றிச் சுவரோரப் பலகையின்மேல் கவிழ்த்து வைத்திருந்தான். நான்கு சிலிண்டர்களும் வாயைத் திறந்துகொண்டு கிடந்தன. தூசி விழாமலிருக்க அவற்றின்மேல் ஒரு பழைய துண்டைப் போர்த்தியிருந்தான். பாட்டரி அவன் வேலை பார்க்கும் பள்ளிக்கூட ஷெட்டில் சார்ஜில் இருந்தது. டாங்கியில் ஒரு சொட்டுப் பெட்ரோல் இல்லை.

கையை எடுக்காமல் அப்படியே கிடந்தான். நாலு நாளாக இறங்கிய மேகம் ஏறவேயில்லை. சீகை மரத்து இலைகளில் சேர்ந்த ஈரம் தகரக் கூரைமேல் ஒரு கணக்கும் இல்லாமல் சொட்டிக்கொண்டிருந்தது. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் அக்கா இருமுவது கேட்டது. மண்ணெண்ணெய் வாசனை, நனைந்த சாக்கின் வாசனை, எங்கோ யாரோ எரிக்கும் தைல மரத்துச் சுள்ளியின் வாசனை. இவற்றுக்கெல்லாம் அடியில், மூக்கை வைத்துத் தேடினால் மட்டும் அகப்படுகிறதாய், எரிந்த பெட்ரோலின் நெடி.

தன் கை குளிர்ந்திருப்பதால் எதைத் தொட்டாலும் சூடாகத் தெரிகிறது என்று சொல்லிக்கொண்டான். பக்கத்தில் இருந்த அச்சைத் தொட்டான். ஐஸாக இருந்தது. மறுபடியும் குழாயைத் தொட்டான். முன்னைக்கு இப்போது கொஞ்சம் குறைந்திருந்தது. ஆறிக்கொண்டிருந்தது. அதுதான் அவனை அடியிலிருந்து வெளியே வரச் செய்தது. ஆறுகிற ஒன்று, அதற்கு முன்னால் சூடாகியிருக்க வேண்டும்.

அது ஐம்பத்தெட்டாம் வருஷத்து நவம்பர். செபாஸ்டின் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றின் பஸ்ஸையும் வேனையும் பார்த்துக்கொள்ளும் மெக்கானிக். வட்டக்கானலுக்கு இறங்கும் பாதையின் சரிவில் இரண்டு அறையும் ஒரு சமையல்கட்டும் உள்ள வீடு. அதன் பக்கச் சுவரை ஒட்டித் தகரம் வேய்ந்த கொட்டகை. நாற்பத்திரண்டு வயதாகியும் அவன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மா போனபோது அவனுக்கு ஆறு வயது. அக்கா சூசையம்மாளுக்குப் பதினாறு. அவனை வளர்ப்பதற்காக அவள் தன் கல்யாணத்தைத் தள்ளிப்போட்டாள், பிறகு அது தள்ளியே போய்விட்டது. பள்ளிக்கூடத்துச் சலவைக் கொட்டகையில் இருபத்திரண்டு வருஷம் இஸ்திரிப் பெட்டியோடு நின்றாள். கரிப்புகையும் ஈரமும் சேர்ந்து அவள் நெஞ்சைத் தின்றுவிட்டன. இனி அந்த வேலைக்குப் போனால் அடுத்த மழைக்காலத்தைப் பார்க்க மாட்டாள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ஏப்ரல் சீசனுக்குள் இந்தப் பழைய காரைச் சரிபண்ணி வாடகைக்கு ஓட்ட ஆரம்பித்தால் அக்கா காலை நீட்டி உட்காரலாம். அவனுக்கு இருந்த ஆசையெல்லாம் அதுதான்.

முப்பத்தெட்டாம் வருஷத்துச் சீமைக் கார். மலையேற்றத்தில் திணறக்கூடாது என்பதற்காக ஹெட்டின் அடிப்பாகத்தை இழைத்து மெலிதாக்கியிருந்தான். வால்வுகளை மாலை மாலையாக உட்கார்ந்து தேய்த்தான். பிஸ்டன் தலைகளில் இருபது வருஷக் கரியைச் சுரண்டி எடுத்தான். புகைக்குழாயை மட்டும் பழுதுபார்க்கும் எண்ணம் அவனுக்கு இல்லை. டிரைவர் சீட்டுக்கு அடியில் போகும் அந்தக் குழாயை முழுசாகக் கழற்றிப் போட்டுவிட்டு, பஸ் சைலன்சர் ஒன்றை வைத்து, காரின் வெளிப்பக்கமாகவே புதுக்குழாய் கொண்டுபோய்ப் பின்னால் உயரத்தில் விடப்போகிறான். எதுக்கு இவ்வளவு பாடு என்று அக்கா கேட்டபோது, வண்டிக்கு இழுவை கூடும் என்றான். அது பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை.

மறுநாள் வேலை முடிந்து வந்ததும் குழாயின் முன்முனையை இன்ஜினிலிருந்து பிரித்துவிட்டான். இப்போது இன்ஜினுக்கும் குழாய்க்கும் சம்பந்தமே கிடையாது. கைகழுவ எழுந்தபோது பின்பக்கம் ஒரு சத்தம் கேட்டது. தரையில் கிடந்த தகரத்தின்மேல் ஏதோ சொட்டுகிற சத்தம். கூரை ஒழுகுகிறது என்று நினைத்து அண்ணாந்து பார்த்தான். கூரையில் ஒன்றுமில்லை. குழாயின் வால்முனையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. விரலில் வாங்கிப் பார்த்தான். கறுப்பாக, புகைமணத்தோடு இருந்தது. குளிரில் ஒரு வண்டியைக் கிளப்பினால் முதல் கால்மணி நேரம் அப்படித்தான் சொட்டும். இன்ஜின் எரிகிறபோது பிறக்கிற தண்ணீர் அது. எரியாத இன்ஜினுக்கு அந்தத் தண்ணீர் வராது.

கந்தையால் விரலைத் துடைத்தான். ரொம்ப நேரம் துடைத்தான்.

அந்த வாரம் பக்கத்து வீட்டுக் கண்மணி பால் ஊற்ற வந்தபோது, சூசையக்காவுக்கு உடம்பு தேறிவிட்டது, கன்னமெல்லாம் ரத்தம் ஏறிச் சின்னப்பிள்ளை மாதிரி ஆகிவிட்டாள் என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனாள். செபாஸ்டின் உள்ளே போய்ப் பார்த்தான். அக்கா ஜன்னலோரம் நாற்காலியில் சாய்ந்து கம்பளி பின்னிக்கொண்டிருந்தாள். முகம் உண்மையிலேயே சிவந்திருந்தது. கறுத்து உலர்ந்திருந்த உதடுகூட.

"ஏலே செபாஸ்தி, வண்டிச் சத்தம் இப்பத்தான் கேக்க நல்லாருக்கு," என்றாள். "மதியம் பூரா ஓடுச்சா, எனக்குச் சொக்கிக்கிட்டு வந்துருச்சு. இருமலே இல்லாமத் தூங்குனேன்."

"எந்த வண்டிக்கா?"

"நம்ம வண்டிதான். ஒங்கூட்டாளி ஒருத்தரு உள்ள ஒக்காந்து ஓட்டிப் பாத்துக்கிட்டு இருந்தாருல்ல. நீ சொல்லி விட்ட சோலின்னு நானும் கேக்கல. குளிருல இப்பிடிக் கெடக்காரேன்னு பலகை இடுக்கு வழியா டீ வேணுமான்னு மட்டும் கேட்டேன். வேணாம்மா, உள்ள கதகதன்னு இருக்குன்னாரு."

அவன் பலகை இடுக்கைத் திரும்பிப் பார்த்தான். பிறகு ஆள் யார், பார்க்க எப்படி இருந்தார் என்று கேட்டான். முகம் சரியாகத் தெரியவில்லை என்றாள். காக்கிச் சட்டை. தொப்பியைக் கழற்றி மடியில் வைத்திருந்தார். அவ்வளவுதான் தெரியும் என்று சொல்லிவிட்டு ஊசியின் கண்ணிகளை எண்ண ஆரம்பித்தாள். எண்ணிக்கை நடுவில் தவறிப்போய், சிரித்துக்கொண்டே மறுபடி முதலிலிருந்து எண்ணினாள். தலைதான் கொஞ்சம் பாரமாக இருக்கிறது என்றாள்.

கொட்டகைக்குப் போனான். காரின் நாலு சக்கரமும் கழற்றப்பட்டு, கட்டைகளின்மேல் அது குந்தியிருந்தது. சிலிண்டர்களின் மேல் துண்டு போட்டது போட்டபடி இருந்தது. டிரைவர் சீட்டின் தோலைத் தொட்டான். தொட்டதும் கையை இழுத்துக்கொண்டான்.

அந்தச் சீட்டில் ஒரு மனிதர் செத்திருந்தார். பெயர் குருநாதன். ஆடலூர்ப் பக்கம் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரத் துரையின் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிறிஸ்துமஸுக்கு நாலு நாள் இருக்கும்போது, புகைக்குழாய் உடைந்து சத்தம் போடுகிறது என்று அவர் காரைச் செபாஸ்டினிடம் கொண்டுவந்தார். டிரைவர் சீட்டுக்கு நேர் அடியில் விரிசல் விட்டிருந்தது. வெல்டிங் வைக்க வேண்டும். அன்றைக்குப் பார்த்து காஸ் சிலிண்டர் காலி. பள்ளிக்கூடத்தில் பண்டிகைக்குப் பிள்ளைகளை ஊருக்கு அனுப்ப பஸ் வேலை தலைக்குமேல் கிடந்தது. செபாஸ்டின் மண்ணெண்ணெய்த் தகரத்தில் ஒரு துண்டு வெட்டி விரிசலைச் சுற்றி வளைத்து, கம்பியால் இறுக்கினான். சத்தம் நின்றது. வெல்டிங் வச்சாச்சா தம்பி என்று குருநாதன் கேட்டார். வச்சாச்சுண்ணே, இனிமே பயமில்ல என்றான்.

இரண்டு நாள் கழித்து, துரை ஏரிக்கரை பங்களா ஒன்றில் மதிய விருந்தில் இருந்தபோது, வாசலில் காத்துக்கிடந்த குருநாதன் குளிருக்குக் கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தார். மூன்று மணிக்குத் துரை வந்து கதவைத் திறந்தபோது அவர் உட்கார்ந்தபடியே இருந்தார். காரை இழுத்துப்போகச் செபாஸ்டினைத்தான் கூப்பிட்டார்கள். அந்த முகம் அவன் கண்ணில் அப்படியே இருக்கிறது. செத்தவர் முகம் போலவே இல்லை. நல்ல விருந்து சாப்பிட்டு அசந்தவர் போலக் கன்னம் இரண்டும் செக்கச்செவேலென்று இருந்தன. மாரடைப்பு, குளிர் தாக்கிவிட்டது என்றார்கள். செபாஸ்டின் காருக்கு அடியில் படுத்தான். கம்பி அறுந்து தகரம் வாய் பிளந்து தொங்கியது. அதைப் பிய்த்து மடியில் செருகிக்கொண்டு வெளியே வந்து, வண்டியில் ஒரு குறையும் இல்லை துரை என்றான். தகரத்தை அன்று சாயங்காலமே ஏரியில் போட்டான். இந்த வருஷம் துரை தோட்டத்தை விற்றுவிட்டுச் சீமைக்குப் போகும்போது, யாரும் ஏற விரும்பாத அந்தக் காரை அவனிடமே விட்டுப்போனார். வேண்டாம் என்று சொல்ல அவனுக்கு ஒரு காரணம் கிடைக்கவில்லை. சொல்லக்கூடிய காரணம்.

அடைத்த இடத்தில் புகை ரத்தத்தில் ஏறினால் வருகிற சிவப்பு அது என்று அவனுக்குத் தெரியும். அதனால் முதலில் அக்காவின் அறையிலிருந்த கணப்புச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தான். கரியின் விஷப்புகையாக இருக்கலாம். இருக்க வேண்டும். குளிருகிறது என்று அவள் முனகியதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ஜன்னலைத் திறந்துவிட்டான். மறுநாளும் முகம் சிவந்திருந்தது. அதற்கு மறுநாள் கூடுதலாகச் சிவந்திருந்தது.

லீவு சொல்லிவிட்டு ஒரு பகல் முழுக்கக் கொட்டகையில் காவல் உட்கார்ந்தான். ஒன்றும் நடக்கவில்லை. மேகம் தகர இடுக்குகள் வழியே உள்ளே வந்து, காரைச் சுற்றி நின்று, போயிற்று. மூன்று மணி வாக்கில் ஊற்றுக்குப் போய் ஒரு குடம் தண்ணீர் எடுத்துவந்தான். பத்து நிமிஷம் ஆகியிருக்காது. அக்கா கண்ணை மூடியபடியே, ஏன் நிறுத்திட்டாரு என்றாள்.

அன்றைக்கே குழாயை முழுசாகக் கழற்றினான். வால்முனை முதல் முன்முனைவரை ஒரே நீளமாக உருவி, கொட்டகைக்கு வெளியே சரிவுப் புல்லில் இழுத்துப்போட்டான். முழுசாகத் தூக்கி எறிய மனம் ஒப்பவில்லை. ரம்பப் பிளேடை மாட்டி அறுக்க ஆரம்பித்தான். தகரத்தை இறுக்கிய கம்பியின் தடம் துருவில் ஒரு மோதிரம் போல இன்னும் பதிந்திருந்தது. பிளேடு தானாக அந்த இடத்துக்கே வழுக்கிப் போயிற்று. வேறு இடத்தில் வைத்தான். மறுபடி அங்கேயே போயிற்று. சரி என்று அங்கேயே அறுத்தான். இரும்புத்தூள் மணிக்கட்டில் ஒட்டியது. கடைசி இழுப்பில் குழாய் இரண்டாகப் பிரிந்தபோது, அறுபட்ட வாயிலிருந்து காற்று வந்தது.

சூடான காற்று. மெதுவாக, நீளமாக, அவன் மணிக்கட்டு மயிரை அசைத்துக்கொண்டு. ஆறடிக் குழாய்க்குள் அவ்வளவு காற்று இருக்க முடியாது. அது வந்துகொண்டே இருந்தது. மூச்சைப் பிடித்துவைத்திருந்த ஒருவர் கடைசியில் விடுவது மாதிரி.

இரண்டு துண்டையும் பள்ளத்தில் எறிந்தான். பாறையில் மோதி மோதி இறங்கும் சத்தம் கேட்டது. பிறகு மேகம் அதையும் மூடிக்கொண்டது. நெஞ்சிலிருந்து பாரம் இறங்கினாற்போல இருந்தது அவனுக்கு. அன்று இரவு நன்றாகத் தூங்கினான்.

விடிந்ததும் அக்காவை எழுப்பினால் எழுந்திருக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்க உலுக்க, எங்கோ ஆழத்திலிருந்து ஏறி வருகிறவள் போல மெல்லக் கண்ணைத் திறந்தாள். கன்னங்களில் செம்பருத்தி பூத்திருந்தது. ராத்திரி பூரா ஓடுச்சே, கிட்டக்கயே ஓடுச்சே என்றாள். அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. குழாய் இருந்தவரை புகைக்கு வெளியே போக ஒரு வழி இருந்தது. அந்த வழியை அவன்தான் நேற்று அறுத்துப் பள்ளத்தில் எறிந்தான்.

அவளைத் தூக்கிவந்து முன்பக்கக் கூடத்தில் கதவுக்கு நேரே கட்டிலில் படுக்கவைத்தான். காற்றுப்பட்டுக் கொஞ்சம் தெளிந்தாள். கஞ்சி குடித்தாள். மதியம் கண்மணியைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைத்து, நான் வருகிறவரை அக்காவைக் கொட்டகையை ஒட்டிய அந்தப் பின்னறைக்கு மட்டும் விடாதே என்று சொல்லிவிட்டுப் பஜாருக்கு நடந்தான். டாக்டரிடம் போகத்தான் கிளம்பினான். கால் வேறு எங்கோ போயிற்று.

பஜாருக்குக் கீழே சம்சுல் ஆலத்தின் பூண்டு மண்டியில் முருகம்மாள் வேலை செய்தாள். குருநாதனின் மனைவி. பூண்டி கிராமத்திலிருந்து வந்த பூண்டை மலைபோலக் குவித்து, அதன் முன்னால் தனியாக உட்கார்ந்து தாள் உரித்துக்கொண்டிருந்தாள். வெளிச்சத்தில் பூண்டுச் சருகு மெல்லப் பறந்து அவள் தலையில் இறங்கிக்கொண்டிருந்தது. இந்த இரண்டு வருஷத்தில் அவன் அந்தத் தெருவில் கால் வைத்ததில்லை. மதினி என்று கூப்பிட்டு எதிரே குத்தவைத்தான். நின்றுகொண்டு சொல்ல முடியாது என்று தோன்றியது. விரிசல், தகரம், கம்பி, வெல்டிங் வைத்தாயிற்று என்று சொன்னது, எல்லாவற்றையும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். சொல்லி முடிக்கிறவரை அவள் கை உரிப்பதை நிறுத்தவில்லை.

"அந்தத் தகரம் எங்க?"

"ஏரில போட்டுட்டேன் மதினி."

கை நின்றது. உரித்த பூண்டைக் கூடையில் போட்டுவிட்டுப் பேசினாள்.

"அன்னைக்கு வெள்ளனே கெளம்பும்போது சுடுசோறு இருக்கான்னு கேட்டாரு. பழைய கஞ்சிதான் இருந்துச்சு. அதக் குடிச்சிட்டுப் போனாரு. வகுத்துல சூடா ஒண்ணும் இல்லாமத்தான் குளிரு தாக்கிச் செத்துட்டாருன்னு, ரெண்டு வருசமா நான் அந்தக் கஞ்சியவே நெனச்சுக்கிட்டுக் கெடக்கேன்."

அவனால் நிமிர முடியவில்லை. தரையில் சிதறிக்கிடந்த சருகை ஒவ்வொன்றாகப் பொறுக்கினான்.

"எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க தம்பி," என்றாள் முருகம்மாள். குரலில் கோபம்கூட இல்லை. "அவருகிட்டப் போயிச் சொல்லுங்க. எம்புட்டு நேரம் ஆனாலும் வண்டிய விட்டு எறங்காம இருப்பாரு அவரு."

திரும்பி வரும்போது மேகம் பாதையை அடைத்துவிட்டது. பகல் மூன்றரை மணிக்கு நாலடி தூரம் தெரியவில்லை. தன் காலடிச் சத்தமே பக்கத்தில் வேறு யாரோ நடக்கிற மாதிரி கேட்டது. திருப்பத்தில் ஓர் உருவம் எதிரே வந்தது. கண்மணி. கையில் பால்செம்பு. மாடு கத்துகிறது, கறந்துவிட்டு வருகிறேன் என்றாள். சூசையக்கா குளிர் தாங்கவில்லை என்று தானே எழுந்து பின்னறைக்குப் போய்விட்டாள், தடுத்தும் கேட்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டாள் என்றாள்.

அவன் ஓட ஆரம்பித்தான்.

சரிவின் மேலிருந்தே கேட்டது. இன்ஜின். சீராக, ஒரு தடங்கலும் இல்லாமல், அவன் தேய்த்த வால்வுகளும் இழைத்த ஹெட்டும் சேர்ந்து எப்படி ஓட வேண்டும் என்று இத்தனை நாளாகக் கனவு கண்டானோ அப்படி. கொட்டகைக் கதவைத் தள்ளியதும் சத்தம் நின்றது.

கார் கட்டைகளின்மேல் இருந்தது. ஹெட் பலகையின்மேல் இருந்தது. துண்டு இருந்தது. எரிந்த பெட்ரோல் நெடி கண்ணைக் கரித்தது. நின்றுவிட்டது, கேட்கிறார், நான் பேசுவதற்காகத்தான் நிறுத்தியிருக்கிறார் என்று அவனுக்குத் தோன்றியது. முன்கதவைத் திறந்து, டிரைவர் சீட்டுக்குப் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தான். வலப்பக்கம் திரும்பவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து கதகதப்பு அவன் தோளில் அடித்தது.

"குருநாதண்ணே," என்றான். "வெல்டிங் வைக்கல. வச்சேன்னு பொய் சொன்னேன். தகரத்தையும் நாந்தான் எடுத்துப்போட்டேன். எங்கக்காவுக்கு ஒண்ணுமே தெரியாதுண்ணே. அத விட்டுருங்க. நான் இங்கனயே இருக்கேன்."

கூரையில் ஒரு சொட்டு. இன்னொரு சொட்டு.

தோளில் அடித்த கதகதப்பு மெதுவாகக் குறைந்தது. விலகிக்கொண்டது. டிரைவர் சீட்டின் ஸ்பிரிங், யாரோ எழுந்தால் எழும்புவது போல, ஒரு முனகலோடு எழும்பியது. பிறகு அந்த வெறுமை. கார் வெறும் கார் ஆயிற்று. குளிர்ந்த இரும்பு. செபாஸ்டின் முகத்தை மூடிக்கொண்டு அழுதான். கேட்டுவிட்டார். போய்விட்டார்.

பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்ஜின் கிளம்பியது.

கொட்டகையில் இல்லை. அறைக்குள். அக்காவின் அறைக்குள். பலகைகள் அதிர்ந்தன. பெரிய ஸ்பானர் ஒன்றைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடினான். கூடம் காலி. பின்னறைக் கதவு உள்ளே தாழிட்டிருந்தது. தோளால் இடித்தான். அக்கா. இடித்தான். அக்கா. சுவரோடு சேர்த்துக் கட்டினது மாதிரி கதவு அசையவில்லை. கதவுக்கு அடியிலிருந்து நீலப் புகை ஒரு நாடாவைப் போல வந்து அவன் பாதத்தைச் சுற்றியது. வெதுவெதுப்பாக.

வெளியே ஓடினான். வீட்டைச் சுற்றி. புல்லில் வழுக்கி விழுந்து எழுந்தான். ஜன்னல். அவன் திறந்துவிட்ட ஜன்னல் சாத்தியிருந்தது. கண்ணாடி முழுக்க உள்பக்கம் வியர்த்து வெள்ளையாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. ஸ்பானரை ஓங்கினான்.

உள்ளேயிருந்து ஒரு கை கண்ணாடியைத் துடைத்தது.

அவசரமில்லாமல். புறங்கையால், இடமிருந்து வலமாக, ஒரு வளைவாக. துடைத்த இடத்தில் அக்கா தெரிந்தாள். நாற்காலியில் நன்றாகச் சாய்ந்திருந்தாள். கன்னங்கள் மின்னின. கண்கள் திறந்திருந்தன. அவை அவனைப் பார்க்கவில்லை. அவனைத் தாண்டி, தூரத்தில் எதையோ, சவாரி போகிறவர்கள் முன்னால் விரியும் ரோட்டைப் பார்ப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருந்தன.

ஓங்கிய ஸ்பானர் ஓங்கியபடியே நின்றது.

அவளுடைய கைகள் இரண்டும் கம்பளி நூலின்மேல், மடியில் இருந்தன. கண்ணாடி மறுபடி வியர்த்து அவள் முகம் மறையத் தொடங்கியது. அந்தக் கை மறுபடி வந்து துடைத்தது.